ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் நீதிமன்றம் என்ன செய்யும்? தென்னாப்பிரிக்க அரசு ஊழியர்களுக்கான எளிய விளக்கம்

பென்ஷன் வரவில்லை என்று யாராவது பேச ஆரம்பித்தால் இரண்டு கேள்விகளைக் கேட்பது என் வழக்கம். இல்லை என்று சொன்னது யார்? அதை எழுத்தில் கொடுத்தார்களா? டர்பன் பகுதியின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் முப்பது வருடம் கரும்பலகை முன் நின்ற ஆசிரியைகளும், ஆர்.கே. கான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தே முடி நரைத்த செவிலியர்களும் இந்த இரண்டு கேள்விக்கும் தயங்குகிறார்கள். “கவுண்டரில் சொன்னார்கள்”, “போனில் ஒரு பிள்ளை சொன்னது” என்பதுதான் பதிலாக வருகிறது. வழக்கு என்று இறங்கினால் வக்கீல் முதலில் கேட்கப்போவதும் இவற்றையேதான்.

நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதி நம் கதையைக் கேட்டு, மனம் இளகி, பென்ஷனைக் கொடுக்கச் சொல்லுவார் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. அப்படி நடப்பது அபூர்வம். நீதிமன்றம் பார்ப்பது ஒரு முடிவை. அந்த முடிவை எடுத்தவருக்கு அதிகாரம் இருந்ததா, சட்டப்படி எடுத்தாரா, உங்கள் தரப்பைக் கேட்டாரா, காரணம் சொன்னாரா என்று சோதிக்கிறது. ஆகவே, சோதித்துப் பார்க்க ஒரு முடிவு கையில் இருக்க வேண்டும். முடிவே எடுக்காமல் இழுத்தடித்தால் அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

யாரிடம் இருக்கிறது பணம்?

மத்திய அரசிலும் மாகாண அரசுகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியம் என்ற ஒரே பெரிய நிதியம் இருக்கிறது. பழைய நிறவெறி ஆட்சியில் சிதறிக் கிடந்த பல நிதியங்களை, கறுப்பின மக்களுக்கென்று அந்த ஆட்சி ஒதுக்கிய ட்ரான்ஸ்கை, போப்புதட்ஸ்வானா போன்ற ‘தாயகங்களின்’ நிதியங்கள் உட்பட, 1996இல் ஒன்றாகச் சேர்த்து இதை உருவாக்கினார்கள். ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய ஓய்வூதிய நிதியம் இது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பணியாளர்கள் இதில் உறுப்பினர்கள். ஊழியரின் சம்பளத்தில் 7.5 சதவீதம் பிடிக்கப்படுகிறது. அரசு தன் பங்காக 13 சதவீதம் செலுத்துகிறது; காவல்துறை, ராணுவம், சிறைத்துறை ஆகியவற்றுக்கு அது 16 சதவீதம்.

ஆனால் உங்கள் பணம் உங்களிடம் வந்து சேர மூன்று இடங்களைக் கடக்க வேண்டும். முதலாவது, நீங்கள் வேலை பார்த்த துறை. நீங்கள் ஓய்வுபெறும்போது இஸட் 102 என்ற விலகல் படிவத்தை நிரப்பி, எத்தனை வருடப் பணி, கடைசிச் சம்பளம் என்ன, அரசுக்கு ஏதும் பாக்கி உண்டா என்று உறுதிசெய்து அனுப்ப வேண்டியது அதுதான். இரண்டாவது, அரசு ஓய்வூதிய நிர்வாக முகமை. இது நிதியமைச்சரின் பொறுப்பில் வருகிறது. படிவங்களைச் சரிபார்த்துக் கணக்குப் போட்டுப் பணம் அனுப்புவது இதன் வேலை. மூன்றாவது, நிதியமும் அதன் அறங்காவலர் குழுவும். சட்டப்படி உங்களுக்குக் கடன்பட்டிருப்பது இந்த நிதியம்தான்.

கவுண்டரில் நிற்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே தெரியும். சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு. துறை படிவத்தை அனுப்பாமல் வைத்திருந்தால் நிதியத்தின் மேல் வழக்குப் போட்டுப் பயனில்லை. “எங்களுக்கு எந்தக் காகிதமும் வரவில்லை” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள், அது உண்மையாகவும் இருக்கும். வழக்கில் துறையையும் நிதியத்தையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாகக் காட்டுவது இதனால்தான்.

நான்கு வருடம் காணாமல்போனால்

மறுப்பு என்றால் ‘உனக்கு ஒன்றும் கிடையாது’ என்ற கடிதமாகத்தான் வரும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது ஒரு எண்ணாக வருகிறது. முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு இருபத்தாறு வருடம் என்று கணக்கு வந்திருக்கும்.

இந்த நிதியத்தில் கணக்கு சூத்திரப்படி நடக்கிறது. பத்து வருடமோ அதற்கு மேலோ பணிக்காலம் உள்ளவர் வயது முதிர்ந்து ஓய்வுபெற்றால் இரண்டு வகைப் பணம் கிடைக்கும். ஒன்று பணிக்கொடை: இறுதிச் சம்பளத்தில் 6.72 சதவீதத்தைப் பணி வருடங்களால் பெருக்கினால் வருவது. மற்றொன்று ஆயுள் முழுவதும் வரும் ஓய்வூதியம்: இறுதிச் சம்பளத்தை 55ஆல் வகுத்து, பணி வருடங்களால் பெருக்கி, 360 ரேண்ட் சேர்த்தால் ஓராண்டுத் தொகை வரும். இறுதிச் சம்பளம் என்பது கடைசி 24 மாதங்களின் சராசரி.

ஆண்டுக்கு 3,60,000 ரேண்ட் இறுதிச் சம்பளம் பெற்ற ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். முப்பது வருடக் கணக்கில் பணிக்கொடை 7,25,760 ரேண்ட். மாத ஓய்வூதியம் ஏறக்குறைய 16,394 ரேண்ட். அதுவே இருபத்தாறு வருடம் என்றால் பணிக்கொடை 6,28,992 ரேண்ட். மாதத்துக்கு ஏறக்குறைய 14,212 ரேண்ட். பணிக்கொடையில் 96,768 ரேண்ட் போய்விட்டது. மாதா மாதம் 2,182 ரேண்ட் குறைகிறது, அதுவும் உயிருள்ளவரை. இதைவிடக் கொடுமை பத்து வருட எல்லையில் நிற்பவருக்கு. பன்னிரண்டு வருடத்தில் நான்கைத் தொலைத்தால் மிஞ்சுவது எட்டு. பத்துக்குக் கீழே போனால் மாத ஓய்வூதியம் என்பதே கிடையாது. ஒரே தடவை மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

வருடங்கள் எப்படித் தொலைகின்றன? நம் சமூகத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நேட்டால் மாகாணத்தில் இந்தியர் கல்வி முதலில் மாகாண நிர்வாகத்திடம் இருந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது இந்தியர் விவகாரத் துறைக்குப் போனது. 1984இல் மூன்று அவை நாடாளுமன்றம் வந்ததும், அதில் இந்தியருக்கென்று இருந்த ‘பிரதிநிதிகள் அவை’ (ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ்) நிர்வாகத்துக்கு மாறியது. 1994க்குப் பிறகு குவாசூலு-நேட்டால் கல்வித் துறையில் கரைந்தது. அறுபது வயதைத் தாண்டி இப்போது விடைபெறும் பலர் எண்பதுகளின் கடைசியில் அந்தப் பிரதிநிதிகள் அவையின் நியமனக் கடிதத்தோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள். நிர்வாகம் கைமாறும் இடங்களில்தான் தற்காலிகப் பணிக்காலங்கள் உதிர்ந்துபோகின்றன.

எல்லாக் குறைவையும் அநியாயம் என்று சொல்லிவிடவும் முடியாது. இடையில் ராஜினாமா செய்து, அதுவரை சேர்ந்த பணத்தை வாங்கிக்கொண்டு, சில வருடம் கழித்துத் திரும்பச் சேர்ந்தவருக்கு அந்தப் பழைய வருடங்கள் தானாகக் கணக்கில் ஏறாது. காசு கொடுத்து மீட்டிருந்தால்தான் ஏறும். பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டு, பிறகு வந்து சேர்ந்த எத்தனையோ அக்காமார்களுக்கு இது ஓய்வு நாளன்றுதான் தெரிய வருகிறது. வழக்கு என்று கிளம்பும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நியாயமாகவே தொலைந்த வருடம் என்றால் ஆதாரம் வேண்டும். நியமனக் கடிதம், ஓய்வூதியப் பிடித்தம் தெரியும் பழைய சம்பளச் சீட்டு, ஒவ்வொரு ஆண்டும் கொடுக்கப்படும் ஐஆர்பி5 வரிச் சான்றிதழ், நிதியம் அனுப்பும் ஆண்டுப் பயன் அறிக்கை ஆகியவையே இதில் பேசும். இவற்றில் சம்பளச் சீட்டுக்கு வலிமை அதிகம். பணம் பிடித்தீர்கள், ஆனால் வருடத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சொன்னால் மறுப்பது கடினம்.

மௌனமும் ஒரு மறுப்புத்தான்

1996ஆம் ஆண்டின் அரசு ஊழியர் ஓய்வூதியச் சட்டம், பயன் (பணிக்கொடை, ஓய்வூதியம் போன்றவை) வழங்கவேண்டிய நிலை வந்து, முழுமையான ஆவணங்களும் கிடைத்த பிறகு 60 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது. அதற்கு மேல் தாமதித்தால் வட்டி. ‘முழுமையான ஆவணங்கள்’ என்ற இடத்தில்தான் சிக்கல். ஒரு கையெழுத்து குறைந்தாலும் வங்கி விவரத்துக்கான இஸட் 894 படிவத்தில் முத்திரை இல்லாவிட்டாலும் அறுபது நாள் கணக்கு தொடங்கியதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் எதைக் கொடுத்தாலும் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். இதைப் பலரிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். “அந்தத் தம்பி நல்ல பையன், நான் கொடுத்ததை எடுத்து வைத்திருப்பான்” என்பார்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சட்டப்படியானதும் நியாயமானதும் உரிய நடைமுறைப்படியானதுமான நிர்வாக நடவடிக்கை எல்லோருக்கும் உரிமை என்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டம். ஓய்வூதிய வழக்குகளின் முதுகெலும்பு இந்தச் சட்டம்தான். இதன் 5ஆவது பிரிவின்படி, ஒரு முடிவு உங்களைப் பாதிக்கிறது என்று அறிந்த 90 நாட்களுக்குள் அதற்கான காரணங்களை எழுத்தில் கேட்கலாம். அவர்கள் 90 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, தக்க காரணம் இல்லாமலேயே அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பெயர், அடையாள எண், ஊழியர் எண், ஓய்வூதிய எண். பிறகு, ‘இந்தத் தேதியில் என் பணிக்காலத்தை இருபத்தாறு ஆண்டு என்று தீர்மானித்திருக்கிறீர்கள். நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி அதற்கான காரணங்களையும், நீங்கள் சார்ந்திருந்த ஆவணங்களின் நகல்களையும் எழுத்தில் தருக.’ அவ்வளவுதான். அறுபது வயதுவரை உழைத்த களைப்பையும் அரசின் நன்றிகெட்ட தன்மையையும் அதில் எழுதவேண்டாம். அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதற்கு யாரும் பதில் எழுதப்போவதில்லை, கேட்ட கேள்வியும் அதில் அமுங்கிப்போகும்.

பதிலே வராமல் மாதக்கணக்கில் கிடந்தால், முடிவெடுக்கத் தவறியதையே எதிர்த்து நீதிமன்றம் போகலாம். இதே சட்டத்தின் 6ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ‘இத்தனை நாட்களுக்குள் முடிவெடு’ என்று நீதிமன்றம் ஆணையிடும். நடைமுறையில் இது பலன் தரும் வழி. வழக்குத் தாக்கலானதும் அரசு வக்கீல் கோப்பைக் கேட்பார்; அதுவரை ‘காணவில்லை’ என்று சொல்லப்பட்ட கோப்பு எங்கிருந்தோ மேசைக்கு வந்துவிடும்.

காலக்கெடு

முடிவையும் காரணங்களையும் அறிந்த நாளிலிருந்து, அல்லது சட்டம் வகுத்த உள்முறையீடு முடிந்த நாளிலிருந்து, நியாயமற்ற தாமதம் இல்லாமல், எப்படியும் 180 நாட்களுக்குள் சீராய்வு மனுவை, அதாவது அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தைச் சோதிக்கக் கேட்கும் மனுவை, தாக்கல் செய்ய வேண்டும். நீதியின் நலன் கருதி நீதிமன்றம் இதை நீட்டிக்கலாம். ஆனால் தாமதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம் எதிர்பார்ப்பார்கள். ‘உடம்பு சரியில்லை’ என்ற ஒற்றை வரி போதாது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அரசு ஊழியர் ஓய்வூதியக் குறைகேள் அதிகாரியின் அலுவலகம் என்று ஒன்று பிரிட்டோரியாவில் இருக்கிறது. நிதியத்துக்கும் நிர்வாக முகமைக்கும் எதிரான புகார்களைக் கட்டணமின்றி விசாரிக்கிறது. முதலில் நிதியத்திடம் புகார் கொடுத்துப் பார்த்துவிட்டு அங்கே போக வேண்டும். நல்ல ஏற்பாடுதான், பல விஷயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். அரசு நிர்வாகத்தின் முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலரிடமும் போகலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். பொதுப் பாதுகாவலர் விதிக்கும் பரிகாரம் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை கட்டுப்படுத்தும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2016 மார்ச்சில், அன்றைய அதிபர் ஜூமாவின் வீட்டைப் பற்றிய நகாண்ட்லா வழக்கில், தெளிவாக்கியது. இதெல்லாம் சரி. ஆனால் குறைகேள் அலுவலகம் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது அல்ல, நிதியமே ஏற்படுத்தியது. அங்கே புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக 180 நாள் கடிகாரம் நின்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. புகாரும் நடக்கட்டும், நாட்காட்டியும் கையில் இருக்கட்டும்.

நீதிமன்றத்தில் உண்மையில் நடப்பது

உயர் நீதிமன்றத்தில் தாக்கலாவது சீராய்வு மனு. மேல்முறையீடு வேறு, சீராய்வு வேறு. மேல்முறையீட்டில் ‘முடிவு சரியா தவறா’ என்று பார்ப்பார்கள். சீராய்வில் ‘முடிவு எடுக்கப்பட்ட விதம் சட்டப்படியானதா’ என்று பார்ப்பார்கள். அதிகாரிக்கு அந்த அதிகாரம் இருந்ததா? தொடர்புடைய ஆவணத்தை ஒதுக்கிவிட்டாரா? உங்களைக் கேட்காமலே தீர்மானித்தாரா? சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாரா? அறிவுள்ள எந்த அதிகாரியும் எடுக்க முடியாத முடிவா? இவற்றில் ஒன்று நிரூபணமானாலும் முடிவு செல்லாது.

கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும் காட்சி இதில் கிடையாது. எல்லாம் பிரமாணப் பத்திரங்களில் நடக்கிறது. நீங்கள் உங்கள் பத்திரத்தைச் சத்தியம் செய்து கையெழுத்திடுகிறீர்கள். காவல் நிலையத்திலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். நீதிமன்ற விதி 53இன்படி, முடிவுக்கு வந்த வழியைக் காட்டும் கோப்பு முழுவதையும் அரசுத் தரப்பு சமர்ப்பிக்க வேண்டும். இது பெரிய ஆயுதம். வருடக்கணக்கில் கண்ணில் காட்டாத காகிதங்கள், யார் எப்போது என்ன குறிப்பு எழுதினார் என்பது உட்பட, அப்போதுதான் வெளியே வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு உங்கள் மனுவைத் திருத்தவும் கூடுதல் பத்திரம் போடவும் உரிமை உண்டு.

காகித வழக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நடந்த சங்கதியிலேயே இரு தரப்பும் முரண்பட்டால் என்ன செய்வது? 1984ஆம் ஆண்டின் பிளாஸ்கன்-எவன்ஸ் தீர்ப்பு வகுத்த விதியின்படி, இறுதி ஆணை கேட்கும் மனுக்களில், எதிர்மனுதாரர் சொல்வது அப்பட்டமாக நம்பத்தகாததாக இல்லாவிட்டால், அதன் அடிப்படையிலேயே நீதிமன்றம் தீர்மானிக்கும். அதாவது, 1989இல் நீங்கள் அந்தப் பள்ளியில் வேலை பார்த்தீர்களா இல்லையா என்பதே சர்ச்சை என்றால், உங்கள் வாய்மொழி மட்டும் போதாது. சம்பளச் சீட்டு வேண்டும், வருகைப் பதிவேடு வேண்டும், அப்போதைய தலைமையாசிரியரின் பிரமாணப் பத்திரமாவது வேண்டும்.

வென்றால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும், முடிவு ரத்தாகி, மறுபடி சட்டப்படி முடிவெடுக்கும்படி அதே அதிகாரியிடம் திரும்பும். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். அதிகாரியின் நாற்காலியில் நீதிபதி உட்காருவது விதிவிலக்கான சந்தர்ப்பத்தில்தான்: தீர்மானிக்கத் தேவையான எல்லாம் நீதிமன்றத்தின் முன் இருந்து, திருப்பி அனுப்பினாலும் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர முடியும் என்று தெளிவாக இருந்தால். பணிக்காலம் ஆவணத்தில் பளிச்சென்று தெரியும் வழக்குகளில் அப்படிக் கேட்பதில் தவறில்லை.

இன்னொரு எச்சரிக்கை. சில ‘இல்லை’கள் நிதியத்திடமிருந்து வருவதில்லை, முதலாளி என்ற முறையில் துறையிடமிருந்து வருகின்றன. பொதுச் சேவைச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்கீழ், அறுபதுக்கு முன்பே ஓய்வுபெற அனுமதி கேட்டு மறுக்கப்படுவது ஓர் உதாரணம். பதவி உயர்வு, பணிநீக்கம் போன்ற முடிவுகள் பொதுவாக நிர்வாக நடவடிக்கை ஆகா, அவை தொழிலாளர் சட்டத்தின் களம் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2009இல் ஒரு காவல் அதிகாரியின் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வகைத் தகராறுக்கு வாசல், தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் பேரம்பேசும் குழுவும் (பார்கெயினிங் கவுன்சில்) தொழிலாளர் நீதிமன்றமும்தான். பயன்கள் தொடர்பான நியாயமற்ற நடத்தைப் புகாருக்கு அங்கே 90 நாள் கெடு. தப்பான வாசலில் ஆறு மாதம் நின்றால் சரியான வாசல் சாத்தப்பட்டுவிடும்.

‘நீ அரசுக்குக் கடன்பட்டிருக்கிறாய்’

ஓய்வுபெறும் நாளில் துறை திடீரென்று ஒரு பழைய பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருவது உண்டு. சம்பளம் அதிகமாகக் கொடுத்துவிட்டோம், அரசு வாகனத்தை நீ சேதப்படுத்தினாய், விடுப்பைக் கூடுதலாக எடுத்தாய் என்று. ஓய்வூதியச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பயனை அடகு வைக்கவோ, பிறருக்கு மாற்றவோ, ஜப்தி செய்யவோ முடியாது என்ற பாதுகாப்போடு தொடங்குகிறது. பிறகு சில விதிவிலக்குகளைச் சொல்கிறது. திருட்டு, மோசடி, கவனக்குறைவு, ஒழுங்கீனம் ஆகியவற்றால் முதலாளிக்கு நட்டம் என்றால் அதைப் பிடிக்கலாம். ஆனால் ஊழியர் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் நிரூபித்திருக்க வேண்டும். இந்த வகை நட்டத்தை அதிகாரி தானாகத் தீர்மானித்துக் கழித்துக்கொள்ள முடியாது.

இதனால்தான், கடைசி நாளில் “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் மேடம், சும்மா ஃபார்மாலிட்டி” என்று நீட்டப்படும் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. அது ஒப்புதல் கடிதமாக இருக்கலாம். சம்பளப் பிடித்தம் குறித்து 2017 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது: தவறுதலாகக் கொடுத்த சம்பளத்தை ஊழியரின் சம்மதமும் நீதிமன்ற ஆணையும் இல்லாமல் அரசே பிடித்துக்கொள்ள இடம் தந்த பொதுச் சேவைச் சட்டப் பகுதி செல்லாது என்றது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக அரசு இருக்க முடியாது என்பதே அதன் சாரம். ஓய்வூதியப் பிடித்தத்துக்கு வேறு சட்டம் பொருந்தும் என்றாலும், அந்த வாதம் வக்கீலுக்குக் கைகொடுக்கும்.

கோயில் கல்யாணமும் விதவையின் பங்கும்

ஊழியர் இறந்தபின் வாழ்க்கைத்துணைக்கு வரும் ஓய்வூதியத்தில்தான் நம் மக்கள் அதிகம் அடிபடுகிறார்கள். ஐயர் மந்திரம் சொல்லித் தாலி கட்டி, நாற்பது வருடம் குடும்பம் நடத்தியிருப்பார்கள், திருமணம் பதிவாகியிருக்காது. திருமணம் செய்துவைத்தவர் அரசு நியமித்த திருமண அதிகாரியாக இருந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருந்தால் அது முழுமையான சட்டத் திருமணம். இல்லையென்றால், அதிகாரியின் மேசையில் அந்த அம்மாள் ‘மணமாகாதவர்’ ஆகிவிடக்கூடும்.

2008இல் டர்பன் உயர் நீதிமன்றம், உயில் இல்லாத சொத்துரிமைச் சட்டத்தில் வரும் வாழ்க்கைத்துணை என்பதில், இந்து முறைப்படி ஒருவனுக்கு ஒருத்தியாக மணந்து வாழ்ந்தவரும் அடங்குவார் என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பு வாரிசுச் சொத்தைப் பற்றியது, ஓய்வூதியத்தைப் பற்றியது அல்ல. அதைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அது காட்டுகிறது. பதிவில்லாத திருமணம் என்ற ஒரே காரணத்தால் மறுத்தால், அந்த மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிச் சீராய்வுக்குப் போகத் தகுந்த விஷயம் இது. கோயில் ரசீது, கல்யாணப் படம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவக் காப்பீட்டில் மனைவி என்று பதிந்த பெயர், இரு வீட்டுப் பெரியவர்களின் பிரமாணப் பத்திரம் எல்லாம் துணை நிற்கும். உயிரோடு இருப்பவர்கள் பயனாளர் நியமனத்துக்கான டபிள்யூபி 1002 படிவத்தை நிரப்பிவைப்பதும், உள்துறை அலுவலகத்துக்குப் போய்த் திருமணத்தைப் பதிவதும் ஒரு காலைப்பொழுது வேலை.

நகராட்சி, ரயில்வே ஊழியர்கள்

டர்பன் நகராட்சிப் பணியோடு நம்மவர்க்கு உள்ள உறவு பழையது. மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் நகராட்சித் தொழிலாளர்கள்தான். அறுபதுகளில் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தார்கள். நகராட்சி ஊழியர்கள் மேலே சொன்ன அரசு நிதியத்தில் இல்லை. 1956ஆம் ஆண்டின் ஓய்வூதிய நிதியங்கள் சட்டத்தின்கீழ் பதிவான நிதியமாக இருந்தால் அவர்கள் ஓய்வூதிய நிதிய நடுவரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், மூன்று ஆண்டுக் கெடு; அவர் தரும் தீர்மானத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலிமை உண்டு. மாகாண, மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்த நடுவர் கிடையாது. இது ஏன் இப்படி என்று எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை. ஆசிரியைக்கு உயர் நீதிமன்றம், நகராட்சி எழுத்தருக்கு இலவச நடுவர்.

ரயில்வே ஓய்வூதியர்களின் கதை தனி. விலைவாசி உயர்வில் குறைந்தது 70 சதவீதத்துக்காவது ஆண்டு உயர்வு தருவோம் என்று வாக்களித்துவிட்டு, பிறகு கைவிட்டதாக, அரசு ரயில் நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் நிதியங்களின்மேல் ஓய்வூதியர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். விசாரணையே இல்லாமல் அதைத் தள்ளிவிட முயன்றபோது, 2018 ஏப்ரலில் அரசமைப்பு நீதிமன்றம் அதை அனுமதிக்கவில்லை. நீண்டகால வாக்குறுதியை நம்பியிருந்தவர்களின் கோரிக்கை விசாரிக்கத்தக்கது என்றது. தனியாளாக நிற்க முடியாத தொகைகளுக்கு, ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து ஒரே வழக்காகப் போடலாம் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

செலவும், தீர்ப்புக்குப் பிறகும்

வழக்கு எங்கே போடுவது என்பதில் ஓர் ஆறுதல் உண்டு. நிதியம் பிரிட்டோரியாவில் இருக்கிறது என்பதற்காக நாம் அங்கே போகவேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்து உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்பதால் டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ தாக்கல் செய்யலாம். அரசமைப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவு மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் உயர் நீதிமன்றங்களில் 2017 முதல் பதிவு மொழி ஆங்கிலம் மட்டுமே. தமிழில் உள்ள கடிதமோ கோயில் சான்றோ இருந்தால் மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

செலவுதான் பெரிய மலை. வழக்கை நடத்த அட்டர்னி ஒருவர், வாதாட அட்வகேட் ஒருவர் என்று இரண்டு கட்டணம். தொழிற்சங்க உறுப்பினராக இருந்தவர் முதலில் சங்கத்தின் கதவைத் தட்ட வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசுச் சட்ட உதவி அமைப்பும் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையங்களும் உள்ளன. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவையும் கட்ட வேண்டுமோ என்ற பயம் நியாயமானது. 2009ஆம் ஆண்டின் பயோவாட்ச் தீர்ப்பின்படி, அரசுக்கு எதிராக அரசமைப்பு உரிமையை நல்லெண்ணத்தோடு நிலைநாட்ட முயன்று தோற்ற தனிநபர்மேல் பொதுவாகச் செலவைச் சுமத்த மாட்டார்கள். அற்பமான, வம்புக்கான வழக்குக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆணை கிடைத்ததும் பணம் தானாக வந்துவிடுவதில்லை. துறைக்கு எதிரான பணத் தீர்ப்பு என்றால், அது இறுதியான பின் 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்று அரசுப் பொறுப்புச் சட்டம் சொல்கிறது. அரசின் சொத்தைத் தொடவே முடியாது என்றிருந்த பழைய விதியை அரசமைப்பு நீதிமன்றம் 2008இல் செல்லாது என்ற பிறகு, 2011இல் வந்த திருத்தம் இது. ‘மறுபடி முடிவெடு’ என்ற ஆணையை மதிக்காவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம். ஆனால் ஆணையில் தேதி இருந்தால்தான் அது எடுபடும். ஆகவே மனுவில் கேட்கும்போதே, 30 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும், அதைக் காரணங்களோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பாக்கித் தொகைக்கு இன்ன தேதியிலிருந்து வட்டி சேர்க்க வேண்டும் என்று வரிவரியாகக் கேட்கச் சொல்லி வக்கீலிடம் வற்புறுத்துங்கள்.